எழுபத்திரண்டாம் பக்கத்துப் படம்

போன சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஒருவர் ஊறுகாய் ஜாடியோடு வந்து நின்றார்.

நல்ல பெரிய பீங்கான் ஜாடி. வாயில் வெள்ளைத் துணி போட்டு, சணல் கயிற்றால் இறுக்கி வேடு கட்டியிருந்தது. பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். வாழைத் தோட்டம் பற்றிப் புத்தகம் எழுதியபோது ஒரு வாசகர் தாரோடு வந்தார். தேனீ வளர்ப்பு எழுதியபோது ஒருவர் தேன் கொண்டு வந்தார் — நல்ல வேளை, தேனீயைக் கொண்டு வரவில்லை! அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கடையில் கால் கடுக்க நிற்கிற இந்தக் காலத்தில் ஒரு ஜாடி ஆவக்காய் என்றால் லேசா?

"சார்... புத்தகம் எழுதற சார் வீடு இதுதானே?"

"ஆமாம், உள்ளே வாங்க."

"என் பேரு சூசை சார். சூசை மாஸ்டர்னா சாந்தோம்ல எல்லாருக்கும் தெரியும். மாதா கோயில் பள்ளிக்கூடத்துல நாலாம் கிளாஸ் எடுக்கறேன். உங்க புத்தகம்னா எனக்கு உசிரு சார்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டால் என்னைப் போன்ற ஆசாமிகளுக்குத் தலைகால் புரியாது. நாற்காலியை நானே துடைத்துப் போட்டேன். சத்தம் கேட்டு என் மனைவி தனம் வந்தாள். அவர் கையிலிருந்த ஜாடியை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"பத்திரமா வெச்சுருங்கம்மா. ஆட்டாதீங்க" என்றார் அவர்.

ஆட்டினால் எண்ணெய் தளும்பும் அல்லவா? தனம் அதை ஆடாமல் அசையாமல் சமையலறைக்குள் கொண்டு போய்விட்டாள்.

"எந்தப் புத்தகம் படிச்சீங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"பாம்புப் புத்தகம்தான் சார்!"

என் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதும் பத்தியில் அவ்வப்போது சொல்லி வந்திருக்கிறேன். இருந்தாலும் இன்றைக்குக் கதை புரிய வேண்டுமானால் மறுபடி கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். நாவல் எழுதுகிறவர்கள் பாக்கியவான்கள். கதாநாயகி முப்பதாம் பக்கத்தில் செத்துப் போனால் அழுதுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார்கள். நான் எழுதுவது உபயோகமான புத்தகங்கள். அதாவது, வாசகன் படித்துவிட்டு எழுந்து போய் அதைச் செய்து பார்ப்பான்!

நான் செய்து பார்த்தேனா? அதுதான் இல்லை. லைப்ரரியில் உட்கார்ந்து நாலு இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து, நம்மூருக்குத் தகுந்தபடி தமிழில் எழுதிக் கொடுப்பேன். வாழைக் கன்று ஒன்றுகூட நான் நட்டதில்லை. தேனீ என்றால் ஓடிவிடுவேன். பாம்பு? போன சனிக்கிழமை வரைக்கும் பிடாரன் கூடையைத் திறக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

பாம்புப் புத்தகம் எழுதச் சொன்னது என் பதிப்பாளர். தியாகராய நகரில் கடை வைத்திருக்கிறார். யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது ஞாபகம் இருக்கிறதா? அடையாறு பக்கத்து வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. திரும்பி வந்தவர்கள் கதவைத் திறந்தால் தோட்டம் முழுக்கப் புதர், புதர் முழுக்கப் பாம்பு. "ஜனங்க கதிகலங்கிப் போயிருக்காங்க. பயம் போற மாதிரி ஒரு புத்தகம் எழுதுங்க, பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். எழுதினேன். யுத்தம் முடிந்துதான் காகிதம் கிடைத்து அச்சானது. ஆனாலும் அவர் சொன்னபடியே பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாம் பதிப்புக்குப் பேச்சு நடக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் வீட்டு மின்சாரம் பற்றிய அடுத்த புத்தகத்தையும் எனக்கே கொடுத்திருக்கிறார்.

சூசை மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"இன்னைக்கு சாயங்காலம் எங்க பள்ளிக்கூடத்து ஆண்டு விழா சார். என் பொண்ணு பிலோமினா மேடையேறி உங்க முன்னுரைய அப்படியே ஒப்பிக்கப் போறா. மனப்பாடம்! நீங்க அவசியம் வரணும். அதுக்கு முன்னால ஒரு சின்ன ஒத்தாசை. ஜாடியைக் கொண்டாரச் சொன்னீங்கன்னா, ஒரு தடவை பாத்து 'சரி'ன்னு சொல்லிருங்க."

"ஊறுகாயைப் பார்த்து நான் என்ன சரி சொல்றது? சாப்பிட்டுட்டே சொல்றேனே" என்று சிரித்தேன்.

"ஊறுகாயா?" அவரும் சிரித்தார். "அதுல பாம்பு சார் இருக்கு!"

உள்ளே கிண்ணத்தை எடுக்கிற சத்தம் கேட்டது.

நான் எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்தது. சமையலறையில் தனம் கரண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சணல் முடிச்சைப் பல்லால் இழுக்கக் குனிந்துகொண்டிருந்தாள். பல்லால்! முகத்துக்கும் துணிக்கும் நடுவில் நாலு விரல்கடை இருந்தால் அதிகம்.

"தனம்! விடு! கையை எடு!"

"ஏன் இப்படிக் கத்தறீங்க? வந்தவரு என்ன நெனைப்பாரு?"

"உள்ளே பாம்பு..."

அவள் என் மூஞ்சியைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து, அரிசி டின்னில் இடித்துக்கொண்டு, கொல்லைப்புற வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சூசை மாஸ்டர் மட்டும் சாவகாசமாகப் பின்னாலேயே வந்து, "பயப்படாதீங்கம்மா, சாது. சார் புத்தகத்துல போட்டிருக்காரே, அந்த வெள்ளிக்கோல் வரையன். துளிகூட விஷம் கிடையாது" என்றார்.

வெள்ளிக்கோல் வரையன்! கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுச் சுவர் இடுக்கில் பல்லி பிடித்துத் தின்கிற பாம்பு அது. கடித்தாலும் ஒன்றும் ஆகாது. நானே எழுதியிருக்கிறேன்.

"கட்டை அடுக்குக்குப் பக்கத்துல கிடந்துச்சு சார், முந்தாநாள் மத்தியானம். கையாலயே எடுத்தேன். சுருண்டு படுத்துக்கிட்டு அசையவே இல்ல. நேத்து மத்தியானம் பிலோமினாவும் எடுத்தா. கையில வளையல் மாதிரி சுத்திவிட்டா. இன்னைக்கு ஆறு மணிக்கு அந்த மாதிரியே மேடையில நிக்கப் போறா. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் வரிசையா வந்து தொட்டுப் பாப்பாங்க. பயம் போகணுமில்ல சார்?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க, அது வரையன்தான்னு?"

"படம் இருக்கே சார்!"

அவர் ஜிப்பாப் பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்தார். நன்றாகப் புழங்கி அட்டை மடங்கிய பிரதி. எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். 'வெள்ளிக்கோல் வரையன் — விஷமற்றது' என்று கொட்டை எழுத்து. அதற்கு மேலே அரைப் பக்கத்துக்குப் படம்.

நண்பர்களே, சொந்தப் புத்தகத்தை அச்சானபின் யாராவது படிப்பார்களா? எனக்கு வந்த பிரதிகளில் அட்டையைத் தடவிப் பார்த்தேன், என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், அலமாரியில் வைத்தேன். புரூஃப் திருத்தினேன்தான். ஆனால் புரூஃபில் படம் வராது. 'இங்கே படம்' என்று ஒரு கட்டம்தான் இருக்கும். படத்தோடு அந்தப் பக்கத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கறுத்த உடம்பு. மெல்லிய வெள்ளைப் பட்டைகள். தலையும் கழுத்தும் பட்டையே இல்லாமல் வழவழவென்று இருந்தன. பட்டை உடம்பில் கொஞ்சம் தள்ளித் தொடங்கி, வால் பக்கம் போகப் போகப் பளிச்சென்று இருந்தது. வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலேயே பட்டை தொடங்கிவிடும், வால் பக்கம் மங்கிப்போகும். இது நேர் எதிர். படத்தை எந்த இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும். அது கட்டுவிரியன்.

பக்கத்தைப் பின்னால் புரட்டினேன். எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு... கட்டுவிரியன் அத்தியாயத்தில் படமே இல்லை!

அந்த அத்தியாயத்தில் நான் எழுதிய வரிகள் என் கண்ணெதிரிலேயே இருந்தன. 'பகலில் சோம்பேறி. தொட்டாலும் சுருண்டு கிடக்கும். இருட்டியதும் அது வேறு பிறவி. தூங்குகிறவர்களைக் கடித்தால் பல சமயம் கடித்ததே தெரியாது. விழிக்காமலே போய்விடுவார்கள்.' இதை எழுதும்போது நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். நடை நன்றாக வந்திருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் வேறு.

ஆறு மணிக்கு விழா. ஆறு மணி என்றால் இருட்டுகிற நேரம். ஒரு பெண் குழந்தை கையில் அதைச் சுற்றிக்கொண்டு மேடையில் நிற்கும். மற்ற குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள்...

உடனே 'மாஸ்டர், படம் தப்பு' என்று சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? சொல்லவில்லை. பாம்புப் பயம் மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். படம் தப்பு என்று வெளியே தெரிந்தால் இரண்டாம் பதிப்பு என்ன ஆகும்? மின்சாரப் புத்தகம் என்ன ஆகும்? விஷப் பாம்பை விஷமற்றது என்று போட்டவன் எழுதியதை நம்பி எவன் ஸ்விட்சில் கை வைப்பான்? வேறு தொழில் எனக்குத் தெரியாது. இந்த எண்ணமும் அந்தக் குழந்தையும் ஒரே நேரத்தில் என் மண்டைக்குள் ஓடின.

அதனால் மெல்ல ஆரம்பித்தேன்.

"மாஸ்டர், வாயில்லா ஜீவன். கூட்டம், சத்தம்... மிரண்டுபோகும். மேடையெல்லாம் வேண்டாமே? புத்தகத்தைக் காட்டினாலே போதுமே?"

"அது எப்படி சார்? 'பாம்பின் விஷத்தைவிடக் கொடியது நம் பயம்'னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"எழுதினேன்... ஆனாலும் குழந்தைங்க..."

"'குழந்தைப் பருவத்திலேயே இந்தப் பயத்தைக் களைய வேண்டும்.' முன்னுரை, ரெண்டாம் பாரா."

எவ்வளவு தூரம் மனப்பாடம் பண்ணியிருக்கிறார் பாருங்கள்! என் வாக்கியத்தாலேயே என் வாயை அடைத்துக்கொண்டிருந்தார் மனுஷன். அப்போது வாசற்படியிலிருந்து தனத்தின் குரல் வந்தது.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? அந்தப் பாம்பு நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

நான் புத்தகத்தை மூடினேன்.

"அந்தக் குழந்தையும் நம்ம குழந்தை மாதிரிதானே?" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

"மாஸ்டர், இந்தப் படம் தப்பு. இது கட்டுவிரியன். படத்தை இடம் மாத்திப் போட்டுட்டாங்க. உங்க ஜாடியில் இருக்கறது இந்தப் படத்துல இருக்கற பாம்புதான்னா... அது விஷப் பாம்பு. கொன்னுடும்."

அவர் பதறுவார், அழுவார், என்னைத் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அச்சுல இருக்கே சார்..."

"அச்சுல இருந்தா என்ன? எழுதினவன் நான் சொல்றேன்!"

"அதில்ல சார். நீங்க ஏதோ பதட்டத்துல இருக்கீங்க. அம்மா வேற பயந்துட்டாங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னால எத்தனை பேரு பாத்திருப்பாங்க? தப்பா இருந்தா விடுவாங்களா? நானே ரெண்டு நாளா கையில எடுக்கறேன், கடிக்கலையே!"

புத்தகத்தின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் பாதிகூட அதை எழுதியவன்மேல் இல்லை. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. அச்சிட்ட தாளுக்கு எதிராக அதன் ஆசிரியனே சாட்சி சொன்னாலும் எடுபடாது!

"அப்படியே சந்தேகம்னா, எடுத்துக் காட்டிடறேன் சார். நீங்களே பாத்துக்குங்க" என்று ஜிப்பாக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜாடியைத் தூக்கினார்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

ஜாடியைக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லின்மேல் வைக்கச் சொன்னேன். தனம் ஒட்டடைக் கோலைக் கொண்டு வந்து கொடுத்தாள், கூடவே முகம் பார்க்கிற கண்ணாடியும். கண்ணாடி எதற்கு? ஜாடிக்குள் இருட்டு. வெயிலைத் திருப்பி உள்ளே அடிக்கலாம் என்றாள். அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்போது எதுவுமே தோன்றவில்லை. முடிச்சை மாஸ்டர்தான் அவிழ்த்தார். என்னால் முடியாது என்று வெட்கமில்லாமல் சொல்லிவிட்டேன்.

துணி விலகியது. எட்ட நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

அடியில் ஒரு சுருள். கறுப்பு. மெல்லிய வெள்ளைக் கோடுகள். தலை எங்கே? தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தது. கழுத்தைப் பார்த்தால்தானே என்ன பாம்பு என்று சொல்ல முடியும்? கோல் நுனியை உள்ளே விட்டு லேசாக நெம்பினேன். அசையவில்லை. "பாத்தீங்களா, சாது" என்றார் மாஸ்டர். மறுபடி நெம்பினேன். ஒரு வெட்டு வெட்டியது பாருங்கள்... கோல் என் கையிலிருந்து எகிறிவிட்டது! சுருள் பிரிந்து, தலை ஒரு கணம் வெளியே வந்தது. கண்ணாடி வெளிச்சம் சரியாக அதன்மேல் விழுந்தது.

வழவழவென்ற கறுப்புத் தலை. கழுத்திலும் ஒரு பட்டை இல்லை. முதுகின் நடுவில் வரிசையாகப் பெரிய பெரிய ஆறு மூலைச் செதில்கள். நான் எழுதியிருக்கிறேன், 'முதுகெலும்பின் மேல் அறுகோணச் செதில்கள் அமைந்திருப்பதே முக்கிய அடையாளம்' என்று. எழுதியதை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். இங்கிலீஷ்காரன் சரியாகத்தான் எழுதியிருந்தான்.

"துணியைப் போடுங்க... மாஸ்டர், துணி!"

துணியைப் போட்டு, அதன்மேல் பலகையைப் போட்டு, பலகையின்மேல் அம்மிக் குழவியை வைத்தோம். பிறகு புத்தகத்தில் அறுபத்தொன்பதாம் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். படம் இல்லாத பக்கம். அவர் அதைப் படித்திருக்கவே இல்லை. படம் இருக்கிற பக்கங்களைத்தான் படித்திருக்கிறார். இப்போது படித்தார். ஒவ்வொரு வார்த்தையாக உதடு அசைந்தது. 'பகலில் சோம்பேறி' என்ற இடத்துக்கு வந்தபோது நின்றுவிட்டார்.

"சார்..." என்றார். "நேத்து ராத்திரி பூரா ஜாடிக்குள்ள சரசரன்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு சார். பிலோமினா கட்டிலுக்கு அடியிலதான் வெச்சிருந்தேன். எடுத்து வெச்சு விளையாடணும்னு ஒரே அடம். முடிச்சை அவுக்கறேன்னு நானும் எழுந்தேன் சார். அவ அம்மாதான் 'மணி என்ன ஆச்சு, பேசாம படு'ன்னு ரெண்டு பேரையும் திட்டினா..."

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். தோளைத் தொட வேண்டிய விரல் காதைத் தொட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குழந்தையை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அழுகை வந்தது, மறைப்பானேன்?

குளிக்க வைத்திருந்த வெந்நீர் அண்டாவைத் தனமும் மாஸ்டரும் தூக்கி வந்து ஜாடிக்குள் ஊற்றினார்கள். பாம்புக் கதை அத்தோடு முடிந்தது. அன்று சாயங்காலம் பிலோமினா வெறுங்கையோடு மேடையேறி ஏதோ வேதாகமப் பாட்டுப் பாடினாளாம். நான் போகவில்லை. அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நான் போனது தியாகராய நகருக்கு. எங்கள் தெருமுனை ரிக்‌ஷாக்காரர் மாணிக்கம், "இன்னா சார், காத்து கருப்பு அட்ச்ச மாதிரி கீறே? ஒடம்பு சரியில்லியா?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் என் புத்தகம் இருக்குமோ என்று பயம். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆனால் படம் பார்க்கத் தெரியுமே?

பதிப்பாளர் நிதானமாகக் கேட்டார். கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"ரெண்டு பாம்புக்கும் படம் அடிக்கப் பிளாக் செய்யத்தான் சார் கொடுத்தேன். தகடு கிடைக்கல. ஒண்ணுதான் செஞ்சு வந்துச்சு. கட்டுவிரியன் அத்தியாயத்துல மேட்டர் நெருக்கி ஓடிப் பக்கம் நெறைஞ்சு போச்சு. படத்துக்கு எடமில்ல. வரையனுக்கு அரைப் பக்கம் காலியாக் கிடந்துச்சு. பேப்பர் கிடைக்கிற லட்சணத்துல அரைப் பக்கத்தைக் காலியா விடலாமா? 'ரெண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்'னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒண்ணு போல இருந்தா எந்தப் படமா இருந்தா என்னன்னு தூக்கி அங்க போட்டோம்."

கேட்டீர்களா? காலி இடம் இருந்ததாம், அதனால் போட்டார்களாம்!

"விற்ற புத்தகத்தை எல்லாம் திருப்பி வாங்கணும். பிழை திருத்தம் அடிச்சு ஒட்டணும்" என்றேன்.

"யாருகிட்டேர்ந்து சார் வாங்கறது? முதல் பதிப்பு பூராவும் போயாச்சு. ரயில்வே ஸ்டேஷன்ல வித்திருக்கு, திருவிழாக் கடையில வித்திருக்கு. வாங்கினவன் அட்ரஸா கொடுத்துட்டுப் போனான்? ரெண்டாம் பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடலாம். நீங்க பேசாம இருங்க."

"அதுக்குள்ள யாராவது..."

"அட்டையில என் பேரு சின்னதா கீழே இருக்கு. உங்க பேருதான் பெரிசா மேலே இருக்கு. வெளியில சொன்னா யார் தலை உருளும்னு யோசிச்சுக்குங்க. அப்புறம் மின்சாரப் புத்தகத்துக்கு நான் வேற ஆளைத்தான் பாக்க வேண்டியிருக்கும். நானும் கடை நடத்தணுமில்ல?"

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் சமையலறையில் நான் நினைத்ததைத்தான் அவர் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து சொன்னார். இதே கணக்கை நானும் மனசுக்குள் போட்டுப் பார்த்தவன்தானே? அந்த நேரத்துக்குத் தனம் மட்டும் குறுக்கே பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே குலை நடுங்குகிறது.

வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். மின்சாரப் புத்தகம் கைவிட்டுப் போய்விடும் என்றேன். மாதக் கடைசி பற்றியும் சொன்னேன். அவள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"புத்தகம் எங்க போச்சுன்னு தெரியாதுங்கறாரு. உங்க பத்தி வாராவாரம் எங்கெல்லாம் போகுது?"

"அது போகுது, நிறைய ஊருக்கு..."

"அப்புறம் என்ன?"

நாலு நாளாக இந்தப் பத்தியை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். தூக்கம் சரியாக இல்லை. வாசலில் யாராவது நின்று "சார்" என்றால் திடுக்கிடுகிறது. தபால்காரரைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எந்த ஊரிலிருந்து என்ன செய்தி வருமோ? பழைய புத்தகங்களை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி, முதல் தடவையாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தேனீப் புத்தகத்தில் ஒரு படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்.

மற்ற வாரங்களில் இந்த இடத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி முடிப்பது என் வழக்கம். இன்றைக்கு வேடிக்கை இல்லை. நான் எழுதிய பாம்புப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால் எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பிரியுங்கள். அதில் இருப்பது கட்டுவிரியன். விஷப் பாம்பு. கீழே அச்சாகியிருப்பது பொய். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். 'அச்சில் இருக்கிறதே' என்று யோசிக்காதீர்கள். யோசித்தே தீருவீர்கள் என்றால், இதுவும் அச்சில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்ட உங்களைப் பற்றி எனக்கு இனிமேல் கவலை இல்லை. இதைப் படிக்காத யாரோ ஒருவர் அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, கட்டை அடுக்குக்குப் பக்கத்தில் தைரியமாகக் குனிந்துகொண்டிருப்பார். அவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது.

உங்கள் தெருவாக இருந்தால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள்.